துணைக்குப் போகும் அயல்

தீவகத்திலிருந்து இடம்பெயர்ந்து வலிகாமத்திலும் வன்னியிலும் வாழும் எமது வாசகர்களுக்குக் குறிகட்டுவானை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பண்ணைத் தாம்போதி, மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, வேலணை, வாணர் தாம்போதி என்று வரும் வீதி புங்குடுதீவின் மேற்குக் கரையில் முடிகின்ற இடம் அது. அதற்கப்பால் படகுதான். அம்மனைக் கும்பிடப் போவோர் நயினாதீவுப் படகில் ஏறுவர். நெடுந்தீவார் தமது சாமான்களுடன் தமது படகுக்குக் காத்திருப்பர்.

இந்த வீதியும் இந்தக் கடலும் கண்ட கொடுமைகள் பல. 1985 மே 15 ஆம் திகதி நெடுந்தீவு மாவிலித் துறையிலிருந்து குறிகட்டுவானை நோக்கி வந்த குமுதினிப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டது. பெண்களும் குழந்தைகளும் உட்படக் குறைந்தது 23 பயணிகள் வெட்டியும் குத்தியும் கொல்லப்பட்டனர். கடற்படையினரே இதனைச் செய்தனர் என உயிர் தப்பியோர் சாட்சியம் கூறினர். அதற்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. 1990 இலும் 1991 இலும் தீவகம் இராணுவத்தின் கைக்குப் போனபோது எமது குடும்பங்கள் ஆடு மாடுகளை அவிழ்த்துவிட்டு வெளியேறின. 2006 மே 13 ஆம் திகதி இரவு அல்லைப்பிட்டியில் வீட்டுக்குள் இருந்தவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதே ஆண்டு ஆகஸ்ட் 20 ஆம் திகதி அல்லைப்பிட்டிப் பங்குத்தந்தை ஜிம் பிறவுண் அடிகளார் காணாமற் போனார்.

அதன் பின்னர் போர் முடிந்தது. 2015 மே 13 ஆம் திகதி புங்குடுதீவில் காலையில் பாடசாலைக்குப் புறப்பட்ட 18 வயது மாணவி மாலையில் வீடு திரும்பவில்லை. அடுத்த நாள், பாழடைந்த வளவொன்றில் பற்றைக்குள் அவரது உடல் கண்டெடுக்கப்பட்டது. அந்தப் பிள்ளையின் பெயர் நாடு முழுவதும் தெரிந்த பெயர்தான். ஆயினும் நாம் அதை இங்கே எழுதப் போவதில்லை. பெயரும் படமும் போதிய அளவு பயன்படுத்தப்பட்டுவிட்டன.

முன்னைய கொடுமைகளுக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. முன்னையவை வெளியிலிருந்து, சீருடையுடன் வந்தவை. அப்போது ஊர் ஒன்றாக அழுதது. இதிலோ குற்றம் சாட்டப்பட்டோரிற் பலர் ஊரோடு தொடர்புடையவர்கள். ஒரே கடையிற் சாமான் வாங்கியவர்கள், ஒரே பஸ்ஸில் போனவர்கள். இப்படியான வேளையில் ஊர் என்ன செய்ய வேண்டும் என்பதை எமது பழைய அனுபவம் எமக்குச் சொல்லித் தரவில்லை.

முதல் இரவு

பிள்ளை வராத அந்த இரவைப் பற்றியே நாம் முதலிற் பேச வேண்டும். குடும்பத்தார் பொலிசாரிடம் போனபோது உடனடியாகத் தேடுதல் நடக்கவில்லை என்பதும், பிள்ளை யாருடனாவது போயிருக்கக்கூடும் என்ற பேச்சே பதிலாகக் கிடைத்தது என்பதும் அக்காலத்தில் பத்திரிகைகளிற் பரவலாக வெளிவந்தவை. விடிந்த பின்னர் தேடிக் கண்டுபிடித்ததும் வீட்டாரே.

பொலிசாரைக் குறை கூறிவிட்டு நாம் இவ்விடத்தில் நின்றுவிடலாம். அது இலகு. ஆனால் எமது ஊர்களில் இதே வார்த்தையை நாமும் சொல்கின்றோம் அல்லவா? "எங்கையும் போயிருக்கும், விடிய வரும்" என்று படலையடியில் நின்று சொல்பவர் பொலிஸ்காரர் அல்லர், அயலவர். தாய் தனியே பொலிஸ் நிலையத்துக்குப் போகும்போது அவர் சொல்வதற்கு ஒரு மதிப்பும், அதே தாயுடன் கிராம சேவகரும் பாடசாலை அதிபரும் மாதர் சங்கத் தலைவியும் போகும்போது வேறு மதிப்பும் இருக்கின்றது. இப்படி இருக்கக் கூடாது. ஆனால் இருக்கின்றது. அது மாறும்வரைக்கும் துணைக்குப் போவதற்கு ஆட்கள் வேண்டும்.

துணைக்குப் போவோர் ஒரு சட்டத்தை அறிந்திருந்தாற் போதும். 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக் கோவையின் 109 ஆம் பிரிவு, குற்றம் பற்றிய தகவலை வாயாற் சொன்னாலும் பொலிஸ் அலுவலர் அதை எழுத வேண்டும் என்கின்றது. சொன்ன மொழியிலேயே எழுதி, சொன்னவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அந்த மொழியில் எழுத இயலாவிட்டால் நாமே எமது மொழியில் எழுதிக் கொடுக்கலாம். ஆகவே, விளங்காத மொழியில் எழுதப்பட்ட தாளில் அவசரத்தில் ஒப்பமிட வேண்டாம். முறைப்பாட்டு இலக்கத்தையும் எழுதியவரின் பெயரையும் ஒரு கொப்பியிற் குறித்துக்கொண்டு வர வேண்டும்.

பாலியல் வன்முறையாயின் அவசரம் இன்னும் அதிகம். உடுப்பைத் தோய்க்காமல், இயலுமானால் முழுகாமல், விரைவாக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனைக்கும், நோய் தொற்றாமலும் கருத்தரிக்காமலும் தடுக்கும் மருந்துக்கும் முதல் மூன்று நாட்கள் மிக முக்கியமானவை. அரச ஆஸ்பத்திரிகள் பலவற்றில் "நட்பு நிலையம்" என்ற பெயரில் இதற்கென ஓர் இடம் உண்டு. வாக்குமூலத்தைப் பெண் பொலிசாரிடம் கொடுக்க வேண்டும் என்று கேட்கலாம். வாடகை வாகனம் ஒழுங்கு செய்வது, காசு பார்ப்பது, வீட்டிலுள்ள மற்றப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுப்பது எல்லாம் அயலின் பொறுப்பு. நயினாதீவிலும் நெடுந்தீவிலும் கடைசிப் படகு போன பின்னர் என்ன செய்வது என்பதையும், யாருடைய வள்ளம், யாருடைய தொலைபேசி என்பதையும் முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும். கொடுமை நடந்த பின்னர் கூட்டம் கூட்டி முடிவெடுக்க நேரம் இராது.

கோபம் எங்கே போனது

புங்குடுதீவில் மக்கள் சும்மா இருக்கவில்லை. சந்தேகநபர் ஒருவரை ஊரவர்களே பிடித்துக் கட்டி வைத்தார்கள். அவர் கொழும்புக்குத் தப்பிச் சென்று அங்கே கைதானார். அவர் தப்பிச் செல்ல உதவினார் என்ற குற்றச்சாட்டில் 2017 ஜூலையில் மூத்த பொலிஸ் அதிகாரி ஒருவரே கைதாக நேர்ந்தது. ஆகவே ஊரவர்களின் சந்தேகம் வெறும் வதந்தியல்ல.

ஆயினும் 2015 மே 20 ஆம் திகதி யாழ்ப்பாண நீதிமன்றத்தின் முன் திரண்ட கோபம் கல்லெறியாக மாறியது. நூற்றுக்கு மேற்பட்டோர் கைதானார்கள். நீதி கேட்டு வந்த இளைஞர்கள் மறியலுக்குப் போனார்கள், அவர்களுடைய தாய்மார் வேறொரு வழக்குக்காக நீதிமன்ற வாசலில் நின்றார்கள். பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு அதனால் ஒரு நன்மையும் வரவில்லை. ஈற்றில் அந்தக் குடும்பத்தால் ஊரில் தொடர்ந்து வாழவும் முடியவில்லை. வெளியேறியது. போர் இடம்பெயர்த்ததைப் பற்றி நாம் நிறைய எழுதியிருக்கின்றோம். ஒரு குற்றமும் குடும்பத்தை இடம்பெயர்க்கும்.

வழக்கு மூன்று மேல் நீதிமன்ற நீதிபதிகள் அடங்கிய மன்றின் முன் யாழ்ப்பாணத்திலேயே விசாரிக்கப்பட்டது. 2017 செப்ரெம்பர் 27 ஆம் திகதி எழுவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. இருவர் விடுவிக்கப்பட்டனர். இலங்கையில் 1976 ஆம் ஆண்டின் பின் எவரும் தூக்கிலிடப்படவில்லை என்பதால் அந்தத் தீர்ப்பின் பொருள் சிறைதான். தீர்ப்பு வந்த அன்று ஊர்களில் வெடி கொளுத்துவதா வேண்டாமா என்று பேசினோமே தவிர, இரண்டு வருடங்களும் நான்கு மாதங்களும் சாட்சிகள் எப்படிப் போய் வந்தார்கள் என்று எம்மிற் பலர் கேட்கவில்லை.

"ஊர்காவல்" என்ற சொல்

ஊர்காவற்றுறை என்ற பெயரிலேயே ஊரும் காவலும் இருக்கின்றன. ஆனால் அந்தச் சொல்லை எமது காலம் கெடுத்துவிட்டது. ஊர்காவற்படை என்றால் கிழக்கில் மக்கள் நடுங்கினார்கள். "விழிப்புக் குழு" என்றாலும் எல்லோருக்கும் நல்ல நினைவு வராது. 2011 ஆகஸ்டில் "கிறீஸ் பூதம்" என்ற பயம் பரவியபோது நாவாந்துறை மக்கள் அந்நிய ஆட்களைத் துரத்திச் சென்றார்கள். அன்றிரவு படையினர் வீடுவீடாகப் புகுந்து ஆண்களை அடித்துப் பிடித்துச் சென்றனர். இப்படிப்பட்ட அனுபவத்தின் பின்னர் "பொலிசும் பொதுமக்களும் சேர்ந்து" என்று கூட்டத்திற் சொன்னால் முன்வரிசையில் இருப்பவர் தலையாட்டுவார், பின்வரிசையில் இருப்பவர் எழுந்து போய்விடுவார். அவரை நாம் குறை கூற மாட்டோம்.

பாக்கு நீரிணைக்கு அப்பால், எமது தீவுகளுக்கு எதிரே உள்ள இராமநாதபுரம் மாவட்டத்தில் 1993 இல் பிரதீப் பிலிப் என்ற பொலிஸ் அதிகாரி "காவல்துறை நண்பர்கள்" என்றொரு இயக்கத்தைத் தொடங்கினார். சாதாரண இளைஞர்கள் பொலிசாருக்கும் மக்களுக்கும் இடையே பாலமாக இருப்பார்கள் என்பது நோக்கம். அது தமிழ்நாடு முழுவதும் பரவிப் பாராட்டும் பெற்றது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் பொலிஸ் காவலில் தாக்கப்பட்டு இறந்தபோது, இந்த நண்பர்களிற் சிலர் மீதும் குற்றச்சாட்டு எழுந்தது. அடுத்த மாதமே தமிழ்நாட்டு அரசு அவ்வமைப்பைத் தடைசெய்தது. பாலம் என்று போட்டது பொலிசாரின் கைத்தடியாகிவிடலாம் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம்.

கேரளத்தில் 2008 இல் தொடங்கிய "ஜனமைத்திரி" முறை மறுபுறமாகச் சென்றது. அங்கே மக்கள் பொலிஸ் வேலை செய்வதில்லை. பொலிஸ்காரர் வீடுவீடாக வருகிறார். ஒரு குறித்த பகுதிக்கு ஒரு குறித்த அலுவலர், அங்குள்ள குடும்பங்களை அவர் அறிந்திருக்க வேண்டும் என்பது விதி. யப்பானில் "கோபன்" எனப்படும் சிறு காவற்கூடங்கள் நூறு வருடங்களுக்கு மேலாக இப்படித்தான் இயங்குகின்றன. எமது பார்வையில் இந்த இரண்டாவது வழியே சரி. அதிகாரம் உள்ளவர் மக்களிடம் வந்து முகங்காட்டட்டும். மக்கள் கையிற் பொல்லு எடுக்க வேண்டாம். தமிழ் பேசும் அலுவலர் இல்லாத இடத்தில் அந்தக் கோரிக்கையையே முதலில் வைக்க வேண்டும்.

அப்படியானால் ஊர்க் குழுவுக்கு வேலை இல்லையா? உண்டு. பற்றை மண்டிய வளவுகளைக் கணக்கெடுத்து, வெளிநாட்டிலுள்ள உரித்தாளருக்கு எழுதித் துப்புரவாக்குவிப்பது முதல் வேலை. புங்குடுதீவில் கதவும் கூரையும் இல்லாத வீடுகள், தூர்ந்த கிணறுகள், பாடசாலைக்குப் போகும் ஒழுங்கையின் இருபுறமும் ஆளுயரப் பற்றைகள் என்பன போரினால் வந்தவை. உடைமையாளர் சுவிசிலும் கனடாவிலும் இருப்பதால் நீடித்தவை. மாணவியின் உடல் கிடந்ததும் அப்படியான வளவிலேயே. தெரு விளக்குப் போடுவிப்பதும், தூர இருந்து வரும் பிள்ளைகள் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து வரும்படி பார்ப்பதும் அடுத்தவை.

மாட்டுக் களவையும் சிறிய விடயம் என்று விட வேண்டாம். இறைச்சிக்காக மாடுகள் களவாடப்பட்டு வெட்டப்படுவது தீவகத்தில் பல வருடங்களாகத் தொடரும் முறைப்பாடு. பால் மாட்டைக் களவு கொடுத்த விதவைத் தாய்க்கு அது பெரிய இழப்பு. அதோடு, இரவில் ஊருக்குள் யாரும் கேள்வியின்றி வந்து போகலாம் என்ற துணிவு இப்படித்தான் வளர்கின்றது. தனியே வாழும் முதியவர்களை நாளுக்கு ஒருமுறை யாராவது எட்டிப் பார்க்கும் ஒழுங்கும் வேண்டும். நெடுந்தீவில் 2023 ஏப்ரல் 22 ஆம் திகதி ஒரே வீட்டில் முதியவர்கள் பலர் வெட்டப்பட்டுக் கொல்லப்பட்டதை நாம் மறக்கவில்லை.

குழு செய்யக் கூடாததும் ஒன்று உண்டு. கொலை, பாலியல் வன்முறை போன்றவற்றை ஊருக்குள் பேசித் தீர்ப்பது அதன் வேலை அல்ல. வேலிச் சண்டைக்கும் கடன் பிணக்குக்கும் 1988 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மத்தியஸ்த சபைகள் உள்ளன. கொடுங்குற்றத்துக்கு அவை இல்லை. "பிள்ளையின்ரை எதிர்காலத்தைப் பாருங்கோ" என்று பெரியவர்கள் கூடி முறைப்பாட்டை மீளப் பெறச் செய்வது, சாதியைச் சொல்லி வாயை மூடச் செய்வது, கெடுத்தவனுக்கே கட்டி வைப்பது எல்லாம் எமது ஊர்களில் நடந்தவை. இவற்றைச் சமாதானம் என்று நாம் ஏற்க மாட்டோம்.

மனத்தில் விழுந்த வடு

யாழ்ப்பாணத்து உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போர்க்காலத்தில் எழுதிய நூல்களுள் ஒன்றின் பெயர் "மனவடு". போரும் பேரிடரும் ஒருவரை மட்டுமன்றி முழுச் சமூகத்தையும் காயப்படுத்துகின்றன என்பது அவர் பல ஆண்டுகள் வலியுறுத்திய கருத்து. ஆட்கள் ஒருவரையொருவர் நம்பாது போவது, பொது வேலைக்கு வராதிருப்பது, குடி பெருகுவது எல்லாம் அந்தக் காயத்தின் குணங்குறிகள். ஆகவே மருந்தும் ஆளுக்கு மட்டும் போதாது, ஊருக்கும் வேண்டும்.

பாதிக்கப்பட்டவரிடம் "நடந்ததைச் சொல்லு, சொன்னால் மனம் ஆறும்" என்று வற்புறுத்துவது நல்லது என்று முன்னர் எண்ணப்பட்டது. இப்போது அவ்வாறு எண்ணப்படுவதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2011 இல் வெளியிட்ட உளமுதலுதவிக் கையேடு பார்த்தல், கேட்டல், இணைத்தல் என்ற மூன்றையே சொல்கின்றது. அவருக்கு உடனடியாக என்ன தேவை என்று பாருங்கள். அவர் பேச விரும்பினாற் கேளுங்கள், விரும்பாவிட்டாற் பக்கத்தில் இருங்கள். பின்னர் வேண்டிய சேவையுடன் சேர்த்துவிடுங்கள். பார்க்க வரும் ஒவ்வொருவருக்கும் தாய் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டியிருப்பது எமது செத்தவீடுகளில் நாம் அறியாமற் செய்யும் கொடுமை. ஒருவர் வாசலில் நின்று வருவோருக்கு விபரம் சொன்னாற் போதும். "கடவுள் சித்தம்", "ஏன் தனியே விட்டனீங்கள்" என்ற இரண்டையும் சொல்லாதிருங்கள். "நாங்கள் இருக்கிறம்" என்பது போதும்.

ஒப்பாரியும், எட்டும், முப்பத்தொன்றும், ஆண்டுத் திவசமும், இறந்தோருக்கான திருப்பலியும் எமக்கு முன்னோர் விட்டுச் சென்ற ஆற்றுப்படுத்தல். நெடுந்தீவில் குமுதினியில் இறந்தோருக்கான நினைவிடத்தில் ஆண்டுதோறும் மே 15 இல் மக்கள் கூடுவதும் அப்படியே. ஆனால் ஒரு மாதம், இரண்டு மாதம் கடந்தும் நித்திரை இல்லை, உணவு இறங்கவில்லை, பிள்ளை படுக்கையை நனைக்கின்றது, தகப்பன் நாள் முழுதும் குடிக்கின்றார், சாகும் பேச்சு வருகின்றது என்றால் உளநலப் பிரிவுக்குக் கூட்டிச் செல்ல வேண்டும். அது "விசர் ஆஸ்பத்திரி" அல்ல. தெல்லிப்பழையிலும் யாழ்ப்பாணத்திலும் உள்ள பிரிவுகளுக்கு எமது சனம் ஏற்கெனவே போய் வருகின்றது. 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்துத் தமிழிலும் பேசலாம். பெண்களுக்கு 1938, சிறுவருக்கு 1929, பொலிஸ் அவசரத்துக்கு 119. இவற்றைச் சங்கக் கடைச் சுவரில் எழுதி வையுங்கள்.

வழக்கு நடக்கும் வருடங்கள்

பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் உதவியும் பாதுகாப்பும் வழங்கும் சட்டம் இலங்கையில் 2015 மார்ச்சில் வந்தது. புங்குடுதீவுச் சம்பவத்துக்கு இரண்டு மாதங்களுக்கு முன்னர்தான். 2023 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டம் இப்போது அதன் இடத்தில் இருக்கின்றது. விசாரணை எந்த நிலையில் உள்ளது என்று அறியவும், மருத்துவ உதவி பெறவும், நட்டஈடு கோரவும், மிரட்டல் வந்தாற் பாதுகாப்புக் கேட்கவும் பாதிக்கப்பட்டவருக்கு அதிலே உரிமை உண்டு. சாட்சியை மிரட்டுவது தனிக் குற்றம். மிரட்டலை "சும்மா வெருட்டுறான்" என்று விடாமல் திகதி போட்டு எழுதி முறையிடுங்கள்.

இடம்பெயர்ந்தோருக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் இருக்கின்றது. அடையாள அட்டையில் ஓர் ஊர், இருப்பது வேறோர் ஊர். அழைப்பாணை பழைய முகவரிக்குப் போய்த் திரும்பிவிடும். சாட்சி வரவில்லை என்று வழக்குத் தள்ளிப் போகும். பொலிசுக்கும் நீதிமன்றத்துக்கும் இப்போதைய முகவரியையும், நம்பிக்கையான அயலவர் ஒருவரின் தொலைபேசி இலக்கத்தையும் எழுத்திற் கொடுங்கள். மீண்டும் இடம் மாறினால் மீண்டும் கொடுங்கள். இருக்கும் இடத்துக் கிராம சேவகரும் சொந்த ஊர்க் கிராம சேவகரும் இருவருமே வழக்கைப் பற்றி அறிந்திருப்பது நல்லது.

தவணைக்குப் போகும் நாள் ஒரு தோட்டக்காரக் குடும்பத்துக்குக் கூலி இழந்த நாள். வெங்காயம் நட்டு மூன்றாம் தண்ணீர் கட்ட வேண்டிய அன்றுதான் யாழ்ப்பாணத்தில் வழக்கு இருக்கும். போகாவிட்டால் வழக்கு நலியும், போனாற் பயிர் வாடும். ஆகவே குழுவின் கொப்பியில் ஒரு பக்கத்தை இதற்கென ஒதுக்குங்கள். அடுத்த தவணை எந்தத் திகதி, அம்மாவோடு பஸ்ஸில் போவது யார், நீதிமன்றத்தில் எதிராளியின் ஆட்கள் நிற்கும் பக்கத்தில் அவருக்கு அருகே இருப்பது யார், மத்தியானச் சாப்பாட்டுக் காசு யாரிடம், அன்று மெசின் போட்டுத் தண்ணீர் மாறுவது யார், மாட்டைக் கட்டிப் பால் கறப்பது யார் என்று பெயர் எழுதி வையுங்கள். தவணை தள்ளிப் போனால் புதிய திகதியை அன்றிரவே அதே பக்கத்தில் எழுதுங்கள்.